பார்க்கில் ஏறுவாங்க

சத்தியம். ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். நான் ஓட்டிய கிரேன் மேல் சத்தியம், அந்தக் கிரேனை அணு அணுவாகத் தின்ற உப்புக்காற்றின் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற ஏழு பல்லின் மேல் சத்தியம், அதில் ஒன்று ஆடுகிறது, அதை வேண்டுமானால் சத்தியத்தில் சேர்க்க வேண்டாம். பொன்னுரங்கம் சொன்னால் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பழவந்தாங்கலில் பேசிக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பாதி என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது நான் உட்கார்ந்திருப்பது என் மகள் சுகந்தியின் நீலப் பெட்டி மேல். பெட்டி நிற்பது சென்னைத் துறைமுக வாசலுக்கு வெளியே, ராஜாஜி சாலை ஓரத்தில். பின்னால், சுவருக்கு அப்பால், சற்றுமுன் எங்களை இறக்கிவிட்ட உல்லாசக் கப்பல் நிற்கிறது. அது எவ்வளவு நீளம் என்றால், முந்தாநாள் அதன் மூக்கு திருகோணமலைக்குள் நுழைந்தபோது வால் இன்னும் ராயபுரத்தில் மீன் வாசனை பிடித்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்கக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றியவன் கடைசியில் நானே சரக்காகப் போய் வந்தேன். மகளின் ஏற்பாடு. கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு கடல் உலா. இன்று சாயங்காலம் விமானம். வீட்டுச் சாவியைப் புது ஆட்கள் வாங்கிக்கொண்டாயிற்று. எனக்குத் திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இப்போது இருக்கிற ஒரே கேள்வி, இங்கிருந்து விமான நிலையத்துக்கு டாக்ஸியா, ரயிலா. டாக்ஸியா. ரயிலா. இதற்கா இத்தனை சத்தியம் என்றால், இதற்குத்தான்.

“டாக்ஸிதான்ப்பா. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்கிறாள் சுகந்தி. மாப்பிள்ளை கிருபாகரன் போனை ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வெயிலில் இங்கும் அங்கும் நடக்கிறார். “நாலு நிமிஷம்னு காட்டுது மாமா.” நாங்கள் வந்ததிலிருந்து அது நாலு நிமிஷம்தான் காட்டுகிறது. போன் அடிக்கிறது. “எங்க சார் போகணும்? ஏர்போர்ட்டா? கேஷா, ஆன்லைனா?” பதில் முடிவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிடுகிறார்கள். லாரி ஒன்று உரமூட்டை வாசனையை எங்கள் மேல் கொட்டிவிட்டுப் போகிறது. எனக்கு அது பன்னீர். நான் சொல்கிறேன், “எதிர்ல பார், பீச் ஸ்டேஷன். ஏறி உட்கார்ந்தா திரிசூலம். ரோட்டைத் தாண்டினா ஏர்போர்ட்.” “நாலு பெட்டியத் தூக்கிக்கிட்டு லோக்கல் ட்ரெயின்லயா?” “நீங்க பெட்டியோட டாக்ஸியில வாங்க. நான் ரயில்ல வரேன்.” “எதுக்கு?” எதுக்கு. நல்ல கேள்விதான். முழங்காலில் ஒரு கை வைத்து எழுந்து நிற்கிறேன், கேள்வி பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறது, நான் மறுபடி உட்கார்கிறேன். டாக்ஸி என்றால் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். கடற்கரைச் சாலை, கலங்கரை விளக்கம், அடையாறு எல்லாம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பின்சீட்டில் நானும் சுகந்தியும், மிச்ச இடத்தில் ஒரு பை. அந்த இடம் யாருக்கு என்று எவனும் கேட்க மாட்டான். டாக்ஸியின் சௌகரியம் ஏசி அல்ல, அதுதான். ரயிலில் கேட்பார்கள். கோட்டை ஸ்டேஷன் வந்தால் கேட்டே தீருவார்கள். இரண்டே சொல். ஆள் வருதா?

அந்த இரண்டு சொல்லை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. நாளா, வருஷம். காதுக்குள் அதற்கென்று ஒரு இடம் காலியாக இருக்கிறது, நாக்கு போய்ப் போய்த் தொடுமே பல் விழுந்த இடத்தை, அது மாதிரி. சாயங்கால ஷிப்ட் முடிந்து கிரேனிலிருந்து இறங்கினால் கால் தரையை நம்பாது. அத்தனை உயரம். ஒரு முறை சர்க்கஸ் யானையைக் கப்பலில் ஏற்றும்போது அது மேலிருந்து வண்டலூரில் தன் அக்காவைப் பார்த்துவிட்டுப் பிளிறியது, அவ்வளவு உயரம். அந்தக் காலோடு தள்ளாடி பீச் ஸ்டேஷன் வந்து ஏறுவேன். வண்டி புறப்படும் இடம் அதுதான், உட்கார இடம் கிடைக்கும். கோட்டையில் பாதி நிறையும், அடுத்த ஸ்டேஷன் பார்க்கில் முழுசாக நிறையும், அதற்குப் பிறகு ஏறுகிறவர்களுக்குக் கம்பிதான் கதி. அதனால் பார்க்கில் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே பிளாட்பாரத்திலிருந்து கைகள் நீளும். ஜன்னல் கம்பிக்கு நடுவே எதையாவது உள்ளே போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. கைக்குட்டை, தினசரித்தாள், குடை. எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனால் போலீஸை மதிக்காதவன்கூட அந்தக் கைக்குட்டையை மதிப்பான். அப்படி ஒரு நாள் பார்க்கில் ஒரு சாப்பாட்டுப் பை பறந்து வந்து என் பக்கத்துச் சீட்டில் விழுந்தது. டப்பாவோடு கம்பிக்கு நடுவே எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள், நுழைந்தது. பை ஏறிவிட்டது, பைக்காரி ஏறவில்லை. வாசலில் அவ்வளவு கூட்டம். வண்டி நகர்கிறது. பிளாட்பாரத்தில் அரக்குப் புடவையில் ஒருத்தி. அழவில்லை, கத்தவில்லை, கூடவே நாலு எட்டு வந்து விரலை நீட்டினாள். முதலில் பையை, அப்புறம் சீட்டை, அப்புறம் என்னை. பையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று இல்லை. அந்த இடம் என்னுது, விடாதே என்று. விடவில்லை. அத்தனை கூட்டத்தில் ஒரு டிபன் டப்பாவை ராஜா மாதிரி உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் பீச்சிலேயே பக்கத்துச் சீட்டில் கைக்குட்டை போட்டேன். பார்க்கில் பையை ஜன்னலில் தூக்கிக் காட்டினேன். ஏறி வந்தாள், உட்கார்ந்தாள், நன்றி எல்லாம் இல்லை, டப்பாவைத் திறந்தாள். “எலுமிச்சை ஊறுகாய் எங்க?” “காக்கா.” “ரயிலுக்குள்ளயா?” “கோட்டை ஸ்டேஷன்ல ஏறும். சீசன் டிக்கெட் வெச்சிருக்கு.” அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, “எந்த கம்பார்ட்மென்ட்ல ஏறும்?” என்று கேட்டாள். முடிந்தது. தமயந்தி. பெரியமேட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்து அட்டையைக் காட்டி, கடைசி வரி தெரியுதா, கடைசி வரி தெரியுதா என்று நாள் முழுக்க ஊரைக் கேட்கிறவள். அன்றிலிருந்து தினமும் இடம் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலும் போட்டேன், பின்னாலும் போட்டேன். பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறதே, அதில் வசதியாக வரலாமே என்றால், “அங்க எல்லாரும் உண்மையத்தான் பேசறாங்க. போர்” என்பாள்.

“மாமா, வண்டி வருது! நிஜமா வருது!” வரட்டும். இடம் போடுவது சுலபம், காப்பாற்றுவதுதான் வேலை. ஆள் வருதா என்பார்கள். வராங்க, பார்க்கில் ஏறுவாங்க என்பேன். அதோடு விடுவார்களா? யார் அப்படிப்பட்ட மகாராணி? அப்போது சொல்ல வேண்டும். நான் இப்படிக் கதைவிடுகிறவனாகப் பிறக்கவில்லை, பீச்சுக்கும் பார்க்குக்கும் நடுவே ஆக்கப்பட்டேன். தினம் ஒரே பொய் செல்லாது, பாதிப் பேர் சீசன் டிக்கெட்காரர்கள். நேற்றைய ஆட்கள் இல்லாத பெட்டியாகப் பார்த்து ஏறி, புதிதாகச் சொல்லி வைப்பேன். அவளுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று தெரியாது. ஏறினதும் வாசலில் ஒரு மூச்சு நிற்பாள். எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள், எழுத்து அட்டை மாதிரி. இன்றைக்கு நாம் யார் என்று படித்துக்கொண்டு, அதுவாகவே வந்து உட்கார்வாள். ஒரு நாள், சர்க்கஸில் கத்தி வீசுகிறவள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் ஏறியதும் எதிர்சீட்டுக்காரர் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். அவ்வளவுதான் துப்பு. தமயந்தி கைப்பையைத் திறந்து, பென்சில் சீவுகிற பிளேடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தாள். அவர் எழும்பூரில் இறங்கிப்போனார், தாம்பரம் போக வேண்டிய மனுஷன். இன்னொரு நாள் பிறவி ஊமை என்றேன். பழவந்தாங்கல் வரை பேசவில்லை, வீட்டுக்கு வந்தும் பேசவில்லை, மறுநாள் காபியை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள், என் பொய்யை வைத்தே என்னைச் சுட்டாள். ஒரு நாள் வேறு எதுவும் தோன்றாமல் மசக்கைக்காரி, நின்றால் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்த அம்மாள் ஒரு மாங்காய்த் துண்டை நீட்டினாள். தமயந்தி மாங்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் எனக்குத் தெரியாத முகமாக ஆயிற்று. இறங்கி நடக்கும்போது, “உங்களுக்கு யார் சொன்னது? எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.” “எது?” என்றேன் நான். அந்த எதுதான் இதோ நின்றுகொண்டு, டிக்கி சின்னதாக இருக்கிறது என்று டாக்ஸிக்காரரிடம் சண்டை போடுகிறது. சுகந்தி முதலில் ரயிலில் வந்தாள், அப்புறம்தான் பூமிக்கு.

பெட்டி, பெட்டி, பெட்டி. நான் எழுந்ததும் நான்காவது பெட்டி. டாக்ஸிக்காரர் மூடியை அமுக்குகிறார், அது மூடிக்கொள்ள மறுக்கிறது. எனக்கு யோசிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கிறது, நல்ல வண்டி. டாக்ஸியில் போனால் என்ன? போனால் ஒன்றும் இல்லை. அதுதான் பயம். ஒன்றுமே இல்லாமல் போய்விடும். ரயிலில் போனால்? போனால் கோட்டையில் கேட்பார்கள், அப்போது என்ன சொல்வேன்? தமயந்தி எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். “என்னை என்ன வேணா ஆக்குங்க. கத்தி வீசறேன், ஊமையா இருக்கேன். ஆனா ஆள் வரலைன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் ஓடி வந்துட்டிருப்பேன்.” அவள் வண்டியைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. கடையில் கணக்கு முடியவில்லை, மழை, காலில் செருப்பு அறுந்தது. அன்றெல்லாம் அந்த இடம் காலியாகவே பழவந்தாங்கல் வரை போகும், கூட்டம் என்னைத் திட்டும், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது வருவது அவள் முகம் இல்லை, முகம் சட்டென்று வர மறுக்கிறது, கைப்பையின் கொக்கிதான் வருகிறது, பித்தளைக் கொக்கி, அது டிக் என்று மூடும் சத்தம். அப்புறம் அந்தக் கட்டில். அந்தக் கட்டில் வேண்டாம் என்றால் கட்டில்தான் வரும். கடைசி ராத்திரி. சுற்றிலும் எல்லாரும் நிற்கிறார்கள், சுகந்தி வந்துவிட்டாள், மாப்பிள்ளை, என் மச்சினன், எல்லார் முகமும் ஒரே மாதிரி. தமயந்தி கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், வாசலில் நின்று பார்ப்பாளே, அதே மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்தாள். “இன்னைக்கு என்னங்க சொல்லி வெச்சிருக்கீங்க? எல்லார் மூஞ்சியும் இப்படி இருக்கு.” யானையைத் தூக்கியவன், காக்காவுக்கு சீசன் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவன், எனக்கு ஒன்றும் வரவில்லை. பீச்சும் கோட்டையும் போய்விட்டது, பார்க் வந்துகொண்டிருக்கிறது, ஒன்றும் வரவில்லை. அப்புறம் சொன்னேன், “மாறுவேஷத்துல வந்திருக்கிற மகாராணின்னு சொல்லியிருக்கேன்.” “அப்ப சீப்பை எடுங்க” என்றாள். தலை வாரிக்கொண்டாள். மகாராணியாகத்தான் இருந்தாள், விடியும் வரைக்கும். அதற்குப் பிறகு நான் அந்த ரயிலில் ஏறவே இல்லை. எங்கே போனாலும் பஸ், ஆட்டோ. எவனும் கேட்கக் கூடாது.

“ஏறுங்கப்பா.” சுகந்தி கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள். உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து காலைத் தொடுகிறது. ஒரு காலை உள்ளே வைக்கிறேன். வைத்த கால் நல்ல கால். மற்றது வரவில்லை. இன்று விட்டால் அந்தக் கேள்வியைக் கனடாவில் எவன் கேட்பான்? அங்கே எவனும் ஜன்னல் வழியாக எதையும் போட மாட்டான். ஆள் வருதா என்று என்னை உலகத்தில் யாருமே கேட்காமல் மிச்ச நாளும் போய்விடும், கேட்காவிட்டால் வருகிறாள் என்று நான் எங்கே சொல்வது? சுவரிடமா? “நான் ரயில்லயே வரேன்மா.” “எதுக்குன்னு சொல்லுங்க, விடறேன்.” “கிரேன் ஓட்டினவங்களுக்கு டாக்ஸியில உட்கார்ந்தா காது அடைக்கும். டாக்டரே சொல்லியிருக்கார்.” அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து என் முகத்தைப் பார்க்கிறாள். எங்கிருந்து வந்தது இந்தச் சாய்ப்பு? கடைசி வரி வரைக்கும் படிக்கிறாள் போலிருக்கிறது. “எந்த டாக்டர்?” என்று கேட்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “திரிசூலத்துல இறங்கற எடத்துல நிப்பேன். போன் ஆன்ல இருக்கட்டும்” என்கிறாள். மாப்பிள்ளைதான், “மாமா தொலைஞ்சிட்டா?” என்கிறார். “எழுபத்தெட்டு வயசுல யாரு மாப்ள தூக்கிட்டுப் போகப்போறா, கொண்டாந்து விட்டுருவாங்க” என்று சொல்லிவிட்டு சாலையைத் தாண்டுகிறேன், கிரேனிலிருந்து இறங்கின காலோடு.

டிக்கெட், படி, பிளாட்பாரம். முந்தின வண்டி வரவில்லையாம், நல்ல கூட்டம், அப்படித்தான் வேண்டும். வண்டி மாறிவிட்டது, அகலமாகிவிட்டது, ஆனால் உள்ளே வெயிலில் சுட்ட இரும்பும் வேர்வையும் யாரோ பிரிக்கிற கொய்யாப்பழமும் அதே வாசனை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பக்கத்தில் துணியைப் போடுகிறேன். கைக்குட்டை இல்லை, கப்பலின் சாப்பாட்டு மேஜையிலிருந்து நான் அன்பளிப்பாக எடுத்துக்கொண்ட வெள்ளைத் துணி, ஓரத்தில் நங்கூரம் பின்னியது. தமயந்தி, பார், கப்பல்காரர்களே உனக்கு இடம் போட்டிருக்கிறார்கள். வண்டி நகர்கிறது. கோட்டை. ஏறுகிறார்கள், இடிக்கிறார்கள், பார்க்கிறார்கள். முதுகில் பெரிய பையோடு ஒரு வாலிபன் துணியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். கேட்டுவிடாதே. கேள். கேட்டுவிடாதே. “தாத்தா, ஆள் வருதா?” ஆள் வரலை, உட்காருப்பா என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது, அந்த ஆடுகிற பல்லை உள்ளிருந்து தள்ளுகிறது. அது நல்ல பையன், முதுகில் பாரம், அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்து எனக்கும் ஓய்வு. “வராங்க” என்கிறேன். “பார்க்கில் ஏறுவாங்க.” “யாரு, பாட்டியா?” எதிரே காய்கறி மூட்டையோடு ஓர் அம்மாள், அவள் பக்கத்தில் காதில் ஒயர் மாட்டிய பெண், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சொல்லு பொன்னுரங்கம், யார் அவள் இன்றைக்கு? கத்தி வீசுகிறவளா, மகாராணியா? எதையும் எடுக்க மனசு வரவில்லை. “என் சம்சாரம். கண்ணாடிக் கடையில வேலை. ஓடி வந்துட்டிருப்பா.” அந்த ரயிலில் அவளைப் பற்றி நான் தெரிந்தே சொன்ன முதல் நிஜம்.

பார்க் வருகிறது. பையன் வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கிறான். “என்ன கலர் புடவை தாத்தா?” “அரக்கு.” “அரக்குன்னா?” “செவப்புல கொஞ்சம் இருட்டு விழுந்தா எப்படி இருக்கும், அது” என்று காய்கறி அம்மாள் அவனுக்குச் சொல்லிவிட்டுத் தானும் ஜன்னல் பக்கம் குனிகிறாள். ஒயர்ப் பெண் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறாள். நின்றுகொண்டிருப்பவர்கள் எதற்கென்றே தெரியாமல் பார்க்கிறார்கள். வண்டி நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், சென்ட்ரலுக்குப் போகிறவர்கள், புடவைகள், பச்சை, மஞ்சள், பச்சை. ஒருத்தி ஓடி வருகிறாள், எல்லாரும் மூச்சைப் பிடிக்கிறார்கள், அவள் அடுத்த பெட்டியில் ஏறிவிடுகிறாள். இத்தனை வருஷமும் நான் ஒருத்தனாகத்தான் அவளுக்குக் காத்திருந்தேன் ஐயா. இப்போது ஒரு பெட்டியே காத்திருக்கிறது. ஹார்ன் அடிக்கிறது. “யோவ், இருங்கய்யா, ஒரு நிமிஷம்!” என்று பையன் கார்டுக்குக் கேட்காத தூரத்திலிருந்து கத்துகிறான். வண்டி நகர்கிறது. பிளாட்பாரம் பின்னால் போகிறது, அந்த நாலு எட்டு தூரம் வருகிறது, போகிறது. காய்கறி அம்மாள்தான், “தவறவிட்டுட்டாங்க போல. பின்னாடி வண்டியில வந்துருவாங்க. போன் பண்ணுங்க பெரியவரே” என்கிறாள். போனை எடுத்துக் காதில் வைக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, கடல் மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். “வந்துட்டிருக்காளாம்” என்கிறேன்.

எழும்பூரில் மூன்று பேர் அந்த இடத்தைப் பார்த்துப் பாய்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் கையைக் குறுக்கே நீட்டுகிறான். “ஆள் வருதுண்ணா.” மாம்பலத்தில் பையன் இறங்கிப்போனான், அங்கே ஏறிக் கேட்டவர்களுக்குக் காய்கறி அம்மாள் சொன்னாள். சைதாப்பேட்டையில் அவளும் மூட்டையோடு போனாள், ஒயர்ப் பெண் சொன்னாள். “ஆள் வராங்க.” கிண்டி, பரங்கிமலை. பழவந்தாங்கலில் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கொக்கி டிக் என்று மூடும் சத்தம் கேட்டது, இல்லை, வேறு யாருடைய பையோ. முகம் வந்தது. வாசலில் ஒரு மூச்சு நின்று எல்லாரையும் பார்க்கிற முகம். மீனம்பாக்கம். திரிசூலம். எழுந்து இறங்குகிறேன். பின்னாலிருந்து ஒயர்ப் பெண், “தாத்தா! உங்க துணி!” வண்டி தாம்பரத்துக்குப் போகிற வண்டி, இன்னும் தூரம் இருக்கிறது. “இருக்கட்டும்மா” என்கிறேன். “ஆள் வருது.”

படியருகே சுகந்தி நிற்கிறாள், சொன்ன மாதிரி. “எப்படிப்பா இருந்துச்சு ட்ரெயின்?” “செம கூட்டம்மா. ஒரு சீட்டு காலியில்ல.” அவள் மறுபடி தலையைச் சாய்க்கிறாள், நான் மேலே பறக்கிற விமானத்தைக் காட்டி, நான் ஒரு காலத்தில் இதைவிடப் பெரியதைக் கிரேனில் தூக்கியிருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்டது உங்களோடு இருக்கட்டும். முக்கியமாக சுகந்தி காதுக்குப் போக வேண்டாம், போனால் என் பொய்க்கெல்லாம் மதிப்பு போய்விடும். யாராவது துருவித் துருவிக் கேட்டால், கோட்டை ஸ்டேஷனில் ஏறுகிற ஒரு காக்கா சொன்னது என்று சொல்லுங்கள், சீசன் டிக்கெட் வைத்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். பொன்னுரங்கம் என்கிற பேர் மட்டும் உங்கள் வாயில் வந்துவிடக் கூடாது.